விட்டதைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு: ஆன்லைன் சூதாட்டம் எப்படி வேலை செய்கிறது, உதவி எங்கே கிடைக்கும்

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்த ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தால், அதைப் படிப்பவர்கள் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒன்று, "பேராசை பெருநஷ்டம்." இன்னொன்று, "படித்தவனுக்கு இந்த அறிவு வேண்டாமா?" இரண்டையும் சொல்வது சுலபம். ஆனால் இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. இதில் மாட்டிக்கொண்ட பலர் முதல் பெரிய இழப்போடு பேராசைப்படுவதை நிறுத்திவிட்டவர்கள். அப்புறம் அவர்கள் ஆடியதெல்லாம் போனதை எடுப்பதற்காக மட்டும்தான். அறிவுக்கும் குறைவில்லை, கணக்குப் பார்த்துத்தான் ஆடினார்கள். கணக்கு எங்கே பிசகியது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, ஆட்டத்தின் உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுப்பாடு, உதவி ஆகிய இரண்டுக்கும் வருவோம். உள்ளே நடப்பது புரியாமல் "கட்டுப்பாடாக இரு" என்று சொல்வது, நீச்சல் தெரியாதவனிடம் "மூழ்காதே" என்று சொல்வது மாதிரி.

## சுரண்டல் லாட்டரி மேசை

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் சுரண்டல் லாட்டரி விற்கும் மேசை ஒன்று இருந்தது. உறவில் மாமா முறை ஒருவர் வேலை முடிந்து வரும்போது அங்கே நிற்பார். சீட்டை வாங்கி, சட்டைப் பையிலிருந்து நாலணாக் காசை எடுத்து, நின்ற இடத்திலேயே சுரண்டுவார். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். பத்துச் சீட்டில் எட்டு வெறும் சீட்டு. ஒன்பதாவதில் ஐந்து ரூபாய் விழும். அந்த ஐந்து ரூபாயை அவர் காசாகக் கையில் வாங்கி நான் பார்த்ததே இல்லை. அதற்கும் சீட்டுதான் வாங்குவார்.

2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது, மேசை போய்விட்டது. ஆனால் இன்று நம் கைப்பேசியில் இருக்கும் ஆட்டங்களின் மொத்த இயந்திரமும் அந்த மேசையிலேயே இருந்தது. பணம் கட்டுகிறோம். முடிவு நம் கையில் இல்லை, அல்லது முழுக்க நம் கையில் இல்லை. இடையில் ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அதைச் சூதாட்டம் என்றே இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். ரம்மி, போக்கர், கிரிக்கெட் பந்தயம், வண்ணம் ஊகிக்கும் ஆட்டம், மேலே ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று வெடிக்கும் விமான ஆட்டம் எல்லாம் இதில் அடக்கம்.

"ரம்மி திறமை ஆட்டம் ஆயிற்றே?" என்று இங்கே ஒரு குரல் வரும். உண்மைதான். 1968லேயே உச்ச நீதிமன்றம், ரம்மியில் திறமைக்கே முதன்மை இடம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அது சட்டக் கேள்விக்கான பதில். திறமை தேவைப்படுகிற ஆட்டம் பணத்துக்குப் பாதுகாப்பானது என்றோ, அடிமையாக்காது என்றோ அதற்குப் பொருள் இல்லை. நல்ல ஓட்டுநராக இருப்பதும் வண்டியில் பிரேக் இருப்பதும் வேறு வேறு விஷயம்.

## நடத்துகிறவரின் பங்கு

முதலில் எளிய கணக்கு. ஒரே திறமை உள்ள இரண்டு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய். மேசையில் 200. நடத்துகிறவர் அதில் பத்து சதவீதமாக 20 ரூபாயை எடுத்துக்கொண்டு, ஜெயித்தவருக்கு 180 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்து சதவீதம்தான் நடத்துகிறவரின் பங்கு. யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும் அவருக்கு வர வேண்டியது வந்துவிடும்.

இருவரும் மாறி மாறி ஜெயிக்கிறார்கள். ஜெயித்தவருக்கு 80 லாபம், தோற்றவருக்கு 100 நஷ்டம். இரண்டு ஆட்டம் முடிந்தால் இருவருமே 20 ரூபாய் குறைவாக இருப்பார்கள். நூறு ஆட்டம் முடிந்தால்? ஆளுக்கு 1,000 போயிருக்கும். இருவரும் சமமாகவே ஆடினார்கள், இருவர் பணமும் மேசையில் இல்லை. ஓர் ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் என்றால் நூறு ஆட்டம் ஐந்து மணி நேரம். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் விடிகாலை நாலு மணி. யாரும் ஏமாற்றவில்லை, சீட்டில் தில்லுமுல்லு இல்லை. கணக்கு அப்படி.

"நான் அவனைவிட நன்றாக ஆடுவேன்" என்பதுதான் அடுத்த நம்பிக்கை. ஆடலாம். ஆனால் நடத்துகிறவரின் பங்கையும் தாண்டி லாபம் பார்க்கும் அளவுக்கு, நூற்றுக்கணக்கான ஆட்டங்களில், தொடர்ந்து நன்றாக ஆட வேண்டும். அது தவிர, எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனிதரா மென்பொருளா என்பதை நம் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

இன்னொரு தவறான கணக்கு "இத்தனை தடவை தோற்றாயிற்று, இனி ஜெயித்தாக வேண்டும்" என்பது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. ஒவ்வொரு கறுப்புக்கும் பிறகு, "இப்போதாவது சிவப்பு வராமலா போகும்" என்று கூட்டம் சிவப்பின் மேல் பணத்தைக் கூட்டிக் கட்டி, பெரும் தொகையை இழந்தது. சக்கரத்துக்குப் போன சுற்றில் என்ன விழுந்தது என்று தெரியாது. செயலிக்குள் எண்களைப் பொறுக்கிப் போடும் நிரலும் நியாயமாக எழுதப்பட்டிருந்தால் அப்படித்தான். நியாயமாக எழுதப்படாவிட்டால் பேசவே வேண்டாம்.

சுருக்கமாக: நீண்ட நேரம் ஆட ஆட, பணம் ஆடுகிறவர்களிடமிருந்து நடத்துகிறவரிடம் நகர்கிறது. அதிர்ஷ்டம் யார் பணம் முதலில் தீரும் என்பதை மாற்றலாம். நகரும் திசையை மாற்றாது.

## மூளை ஏன் ஒத்துழைக்கிறது

சரி, கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மனிதன் ஏன் எழுந்து போவதில்லை?

தூண்டில் போட்டுக் குளக்கரையில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மீன் கட்டாயம் சிக்கும் என்றால் அது வெறும் வேலை; கூடை நிறைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். மீனே இல்லாத குளம் என்றாலும் அரை மணியில் கிளம்பிவிடுவார். எப்போது சிக்கும் என்று தெரியாத குளம்தான் அவரை இருட்டும்வரை உட்கார வைக்கிறது. அடுத்த இழுப்பில் இருக்கலாம் இல்லையா?

இதற்கு மாறும் பரிசு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: எத்தனை முறைக்கு ஒரு தடவை கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி கிடைக்கும் பரிசு. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைச் சோதித்தார். இத்தனை முறைக்கு ஒரு தடவை என்று கணக்காக இரை கிடைத்தபோது, கிடைத்ததும் அவை கொஞ்சம் இளைப்பாறின. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி மாற்றியதும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இரை வருவதை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் விடவில்லை.

மூளைக்குள் இதற்குப் பொறுப்பான பொருள்களில் ஒன்று டோபமைன். அதை "இன்ப ரசாயனம்" என்று சொல்வது வழக்கம், ஆனால் அது பாதி சரி. எதிர்பார்த்தபடியே கிடைக்கும் பரிசுக்கு டோபமைன் செல்கள் பெரிதாக அசைவதில்லை. எதிர்பாராமல் கிடைக்கும்போதும், கிடைக்கலாம் என்ற அறிகுறி தெரியும்போதும்தான் துள்ளுகின்றன. "இதைக் கவனி, மறுபடியும் செய்" என்று சொல்லும் மணி மாதிரி. அதனால்தான் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நொடி, ஜெயித்த பணத்தைவிடச் சுவையாக இருக்கிறது. மாமா ஐந்து ரூபாயைக் காசாக வாங்காததற்கும் இதுவே காரணம். அவருக்கு வேண்டியிருந்தது சுரண்டுகிற அந்த நிமிடம்.

இது குணக்கேடு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். நடுக்குவாத நோய்க்குத் தரப்படும், டோபமைனைப் போலச் செயல்படும் சில மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள்கூட, திடீரென்று கட்டுக்கடங்காமல் சூதாட ஆரம்பித்தார்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது மாற்றியதும் பலருக்கு அந்த வெறி அடங்கியது. எழுபது வயதில் ஒருவருடைய ஒழுக்கம் மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போகுமா?

இன்னொரு தந்திரம் மயிரிழைத் தோல்வி. பொருட்காட்சியில் வளையம் எறியும் கடையில் வளையம் சோப்பு டப்பாவின் மேல் விழுந்து, சுற்றி, சரிந்து வெளியே போகும்போது "அடடா" என்று அடுத்த பத்து ரூபாயை எடுப்போமே, அதுதான். மூன்று படம் ஒன்றாக வர வேண்டிய ஆட்டத்தில் இரண்டு வந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். பணக் கணக்கில் அது முழுத் தோல்வி. ஆனால் வெற்றிக்குத் துள்ளுகிற மூளைப் பகுதிகள் இதற்கும் ஓரளவு துள்ளுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளையத்திலாவது "கொஞ்சம் இடது பக்கம் எறிந்திருக்கலாம்" என்று பழக இடமுண்டு. திரையில் சுற்றும் படங்களில் பழகுவதற்கு ஒன்றுமே இல்லை.

## விட்ட இடத்தில் பிடிப்பது

இதுவரை பார்த்தது ஆட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்கும் இயந்திரம். குடும்பத்தைச் சாய்ப்பது இனி வருவது.

"விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்" என்பது சீட்டாடும் எல்லா மண்டபத்திலும் கேட்கிற வாசகம். போன பணத்தை ஆடியே எடுக்கப் பார்ப்பதற்கு, இழப்பைத் துரத்துவது என்று பெயர். ஆடுகிறவரின் நோக்கம் இங்கே சத்தமில்லாமல் மாறுகிறது. நேற்றுவரை ஜெயிக்க ஆடினார். இன்று கணக்கை நேர் செய்ய ஆடுகிறார். நேராகிவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று மனைவியிடம் சொல்வதை அவரே உண்மையாக நம்புகிறார். பொய் சொல்கிறார் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இது புரிவதில்லை.

துரத்துவதில் புத்திசாலித்தனமாகத் தெரிகிற வழி ஒன்று உண்டு: தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு, என்றைக்காவது ஒரு முறை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும். எழுதிப் பாருங்கள். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தோற்றால் போனது 12,700. எட்டாவது முறை 12,800 கட்ட வேண்டும். ஜெயித்தால் கையில் நிற்கும் லாபம் எவ்வளவு? வெறும் 100 ரூபாய். சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் தொடர்ந்து ஏழு முறை தோற்கும் வாய்ப்பு 128இல் ஒன்று. அபூர்வம் போலத் தெரிகிறது. ஒரே இரவில் நூறு ஆட்டம் ஆடுகிறவருக்கு அது அபூர்வம் இல்லை.

பதினைந்தாயிரம் சம்பளத்தில் 12,800 எங்கிருந்து வரும்? இங்கேதான் லோன் ஆப், நண்பரிடம் கைமாற்று, மனைவியின் வளையல், மாதச் சீட்டுப் பணம் எல்லாம் உள்ளே வருகின்றன. கடன் வந்ததும் துரத்தும் வேகம் கூடுகிறது, ஏனென்றால் இப்போது வட்டியும் சேர்த்துப் பிடித்தாக வேண்டும்.

சுருக்கமாக: எப்போது வரும் என்று தெரியாத பரிசு ஆளை உட்கார வைக்கிறது, இழப்பு ஆளை எழவிடாமல் செய்கிறது. இந்த இரண்டாவதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பேராசை என்கிறார்கள்.

## திண்ணைச் சீட்டுக்கும் திரைச் சீட்டுக்கும்

ஊரில் எப்போதும் சீட்டாட்டம் உண்டுதானே, இப்போது மட்டும் என்ன என்று கேட்கலாம். திண்ணையில் ஆடும்போது யாராவது சீட்டைக் கலைக்க வேண்டும், ஒருவர் டீ சொல்வார், ஒருவர் மனைவி வந்து வாசலில் நிற்பார், விளக்கில் பூச்சி விழும். பையில் இருக்கும் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரியும். இத்தனை இடைஞ்சலும் ஒரு வகைத் தடுப்புச் சுவர். கைப்பேசி ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. நான்கு இலக்க எண்ணைத் தட்டினால் பணம் போகிறது. போனது நோட்டாகத் தெரியாமல் 'பேலன்ஸ்' என்ற எண்ணாக மாறுகிறது. போர்வைக்குள் ஆடலாம். அடுத்த மேசை எந்நேரமும் தயார். பணத்தைப் போட ஒரு நொடி, திரும்ப எடுக்க ஆயிரம் நிபந்தனை.

இந்த வேகத்தை அரசும் பார்த்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து, மற்ற ஆன்லைன் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2025இல் வந்த விதிகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டங்கள் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த விதிகளை ஏற்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. அந்த மத்திய சட்டம் தண்டிப்பது ஆட்டத்தை நடத்துகிறவரையும், விளம்பரம் செய்கிறவரையும், பணம் போய்வர வழி செய்கிறவரையும்தான். ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை.

தடை வந்தால் பழக்கம் போய்விடுமா? வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் செயலிகள் டெலிகிராம் குழுக்கள் வழியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் நிலைமை இன்னும் மோசம். ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று இன்னொரு தொகை கேட்பார்கள். கட்டினால் அதுவும் போகும். இன்னும் சிலர் உங்கள் வங்கிக் கணக்கையே மாத வாடகைக்குக் கேட்பார்கள். கொடுத்தால் யாருடைய மோசடிப் பணமோ உங்கள் பெயரில் ஓடும், காவல் நிலையம் உங்கள் வீட்டுக்கு வரும்.

## கட்டுப்பாடு எங்கே இருக்கிறது

சர்க்கரை நோயாளி மைசூர்பாகு டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொண்டு மன உறுதியைப் பழகுவதில்லை. டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கிறார். ஆன்லைன் சூதாட்டத்திலும் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் இதுதான்: மனம் நிதானமாக இருக்கும் பகல் பத்து மணிக்கு, இரவு ஒரு மணி ஆளுக்கு வழியில்லாமல் செய்துவைப்பது. இரவு ஒரு மணி ஆளிடம் போய் நியாயம் பேசிப் பயனில்லை. அவர் கேட்கிற நிலையில் இல்லை.

முதலில் பணத்துக்கும் விரலுக்கும் நடுவே தூரத்தை உண்டாக்க வேண்டும். சம்பளம் விழும் கணக்கை யூபிஐயிலிருந்து பிரித்துவிட்டு, அன்றாடச் செலவுக்கு மட்டும் சிறு தொகை உள்ள வேறொரு கணக்கை இணைக்கலாம். கார்டில் இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆகியவற்றை அணைத்து வைக்கவும் வரம்பு போடவும் வங்கிச் செயலியிலேயே வசதி உண்டு. ரிசர்வ் வங்கி 2020இலேயே இதை எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்கியது. லோன் ஆப்களை நீக்குவதோடு நிற்காமல், அவற்றில் உள்ள கணக்கை மூடச் சொல்லி எழுத வேண்டும். டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேற வேண்டும், குறிப்பாக "இன்று உறுதியான கணிப்பு" என்று அனுப்புகிறவற்றிலிருந்து. பெட்பிளாக்கர் என்று இலவசமாகக் கிடைக்கும் செயலி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ஓர் அறக்கட்டளை நடத்துவது. ஒரு முறை காலக்கெடு போட்டுப் பூட்டினால் அதுவரை பல சூதாட்டத் தளங்கள் திறக்காது. புதிதாக முளைக்கும் எல்லாத் தளத்தையும் எந்தப் பூட்டும் பிடிக்காது. ஆனால் பூட்டின் வேலை முழுக்க நிறுத்துவது இல்லை, தாமதப்படுத்துவது.

தாமதம் ஏன் போதும்? ஆட வேண்டும் என்ற உந்துதல் அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பொதுவாக அரை மணி நேரம் அதற்கு எண்ணெய் ஊற்றாமல் இருந்தால் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பக்கத்து அறையில் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள், குளியுங்கள், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பள நாள், கிரிக்கெட் நாள், வீட்டில் சண்டை நடந்த நாள் என்று அலை வரும் நாள்களும் ஓரளவு தெரிந்தவையே.

அளவோடு ஆடுகிறேன் என்று சொல்பவர்களுக்கு இரண்டு கேள்வி. மருத்துவர்கள் முதல்கட்டமாகக் கேட்பவையும் இவைதான். ஒன்று: முன்பைவிட அதிகமாக, இன்னும் அதிகமாகக் கட்ட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? இரண்டு: எவ்வளவு ஆடினேன் என்பதைப் பற்றி நெருங்கியவர்களிடம் எப்போதாவது பொய் சொல்ல வேண்டி வந்ததா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஒரு நிபுணரிடம் பேசுவது நல்லது.

நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் நீடித்தால் அது சூதாட்டக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் அதை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு "மாதம் 500 ரூபாய் மட்டும்" என்பது பெரும்பாலும் எடுபடாது. முழுக்க நிறுத்துவது கடினமாகத் தோன்றினாலும், அளந்து ஆடுவதைவிடச் சுலபம்.

## எங்கே பேசுவது

முதல் எண் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ஆடுகிறவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. அம்மாவோ மனைவியோ கூப்பிட்டு "என் வீட்டில் இப்படி, நான் என்ன செய்வது?" என்று கேட்கலாம்.

நேரில் போக, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணையம், கைப்பேசி, ஆன்லைன் ஆட்டப் பழக்கங்களுக்கென்றே 'ஷட்' என்ற தனிப் பிரிவு செயல்படுகிறது. "மனநலப் பிரிவா, ஊர் என்ன சொல்லும்?" என்ற தயக்கம் வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சைக்கு வருகிறவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை.

அங்கே என்ன நடக்கும்? ஊசி போட்டு ஒரே நாளில் தீர்க்கும் வைத்தியம் இல்லை. அதிகம் பயன்படுவது எண்ணம், நடத்தை இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும் பேச்சுச் சிகிச்சை. எந்த நினைப்பு வந்ததும் கை கைப்பேசிக்குப் போகிறது, அந்த நினைப்பில் எது பொய்க் கணக்கு, அந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம் என்று வாரா வாரம் பிரித்துப் பார்ப்பார்கள். மனச்சோர்வோ தூக்கமின்மையோ கூடவே இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். பலருக்கு அந்த மனச்சோர்வுதான் முதலில் வந்தது. ஆட்டம் அதை மறக்க வந்தது.

லோன் ஆப் மிரட்டலும் பண மோசடியும் வேறு பிரச்சினை, வேறு கதவு. ஏமாற்றிப் பணத்தை வாங்கியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள கடன் நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. உறவினர்களுக்குப் படம் அனுப்பி அவமானப்படுத்துவது எந்நேரத்திலும் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு அவைதான் ஆதாரம். தெருவில் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், மேலே எழுதிய எதையும் யோசிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது 14416ஐக் கூப்பிடுங்கள். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. கடனை ஆறு மாதம் கழித்தும் பேசித் தீர்க்கலாம்.

## வீட்டில் உள்ளவர்களுக்கு

விஷயம் வெளியே வந்த அன்று குடும்பம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்யும். வீட்டை விட்டுத் துரத்தும், அல்லது நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்து "இனி ஆடாதே" என்று சத்தியம் வாங்கும். இரண்டாவது அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆபத்தும் அதில்தான். கடன் போய்விட்டது, பழக்கம் அப்படியே இருக்கிறது, மறுபடி கடன் வாங்கும் தகுதியும் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் செய்தது வேறு. அக்கா தம்பியை உட்காரவைத்து, பிள்ளையின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "ஒண்ணு விடாம சொல்லு, நான் எழுதறேன், திட்ட மாட்டேன்" என்றார். முதல் நாள் நாலு கடன் வந்தது. அடுத்த நாள் இரண்டு. ஒரு வாரம் கழித்து, வெட்கத்தால் மறைத்த ஏழாவது வந்தது. யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, யார் மிரட்டுகிறார்கள் என்று மூன்று பத்தி. வட்டி அதிகமானதை முதலில் அக்காவே நேரடியாகக் கட்டினார், பணத்தைத் தம்பி கையில் தரவில்லை. சம்பளம் அக்கா கணக்குக்குப் போனது. தம்பிக்குத் தினமும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு. முப்பது வயது ஆளுக்கு இது அவமானம் இல்லையா என்றால், அவமானம்தான். ஒரு வருடத்துக்கு என்று இருவரும் பேசி ஒப்புக்கொண்டு செய்ததால் அது தண்டனையாகப் போகவில்லை.

ஐந்தாவது மாதத்தில் அவர் ஒரு நண்பரின் கைப்பேசியில் இருநூறு ரூபாய்க்கு ஆடிவிட்டார். இப்படிச் சறுக்குவது சகஜம். சறுக்கிய இரவில் "எல்லாம் போச்சு, இனி எவ்வளவு ஆடினால் என்ன" என்று தோன்றுவதுதான் இருநூறை இருபதாயிரமாக்கும். அன்றிரவே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் நோட்டில் எட்டாவது வரியாக, "நண்பர், 200" என்று எழுதிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.